வாசிக்காமல் விட்ட இரண்டு வரிகள்

மைக் என் கைக்கு வந்தபோது ஈரமாக இருந்தது. எனக்கு முன்னால் பேசியவரின் வியர்வையோ, காலையில் விழுந்த தூறலோ தெரியவில்லை. புடவைத் தலைப்பால் துடைத்தேன். துடைத்த பிறகும் பிசுபிசுத்தது. பந்தலுக்குள் ஊதுபத்தி வாசனையும் காயப்போட்ட வலையின் வாசனையும் கலந்து தொண்டையில் நின்றன.

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பம். கௌரியின் பதினாறாம் நாள். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று ஊரில் முணுமுணுத்திருக்கிறார்கள். அவள் அம்மாதான் படத்திறப்பு வைத்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாராம். கம்பெனி அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருந்தார்கள். பெரிதாக்கியதில் கௌரியின் முகம் கலங்கிப்போய், யாரோ தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது.

முன்வரிசையில் அவள் அம்மா, வலது கையைப் புடவை மடிப்புக்குள் வைத்தபடி. பக்கத்தில் அண்ணன். கடைசி வரிசையில், கம்பெனி வேனில் வந்த பெண்களுக்கு நடுவே கௌரியின் அறைத்தோழி ரேவதி. வெளியே வேன் நிழலில் என் கணவர் எங்கள் பாப்பாவை வைத்துக்கொண்டு நின்றார். அவளுக்கு அப்போது எட்டு மாதம். அவள் அழுகிறாளா என்று என் ஒரு காது அங்கேயே இருந்தது.

நான் கௌரி எழுதிய ஒரு கவிதையை வாசித்தேன். ஏழு வரி. வாசித்துவிட்டு அதற்கு விளக்கமும் சொன்னேன்.

“இதில் வருகிற ‘நீ’ யார் தெரியுமா? இதோ உட்கார்ந்திருக்கிறாரே, கௌரியைப் பெற்ற தாய். மகளின் விரலைப் பிடித்து நண்டு கட்டச் சொல்லிக்கொடுத்த தாய்.”

பந்தலில் இருந்த அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு பெரியவர் இருமினார். முன்வரிசைப் பெண் ஒருத்தி கௌரியின் அம்மாவைப் பார்த்துவிட்டுச் சட்டென்று மணலைப் பார்த்தாள். உருகிவிட்டார்கள் என்று நான் நினைத்தேன்.

ரேவதி எழுந்தாள். பிளாஸ்டிக் நாற்காலி பின்பக்கமாக மணலில் விழுந்தது. அதை நிமிர்த்தி வைத்தாள். முகத்தைத் துடைக்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. பக்கத்துப் பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த இலைகளைத் தாண்டி நடந்து, சாப்பிடாமலே போய்விட்டாள்.

குழந்தை வளர்ப்பும் வேலையும் பற்றி நான் எழுதிவரும் இந்தப் பக்கங்களில் இதைச் சேர்க்கலாமா என்று மூன்று வாரம் யோசித்தேன். போன வாரம் பாப்பா பேசத் தொடங்கியதைப் பற்றி எழுதி அனுப்பியதுகூட இதைத் தள்ளிப்போடத்தான்.

மாடியில் ஏழு பேர்

கௌரியும் ரேவதியும் என் மாணவிகள் இல்லை. பாப்பா பிறப்பதற்கு முன் நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியை. ஞாயிறு மதியங்களில் கிளை நூலகத்தின் மாடியில் ஒரு வாசிப்பு வட்டம் நடத்தினேன். தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பெண்கள், விடுதியில் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு வருவார்கள். ஐந்து பேர் வந்தால் அதிசயம். ஏழு பேர் வந்தால் நான் டீ வாங்கிக் கொடுப்பேன். மின்சார ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பி அதிரும், நாங்கள் பேச்சை நிறுத்திக் காத்திருப்போம்.

கௌரி வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தாள். இருபத்தேழு வயது. குள்ளம், வேகமான பேச்சு. விரல் நுனியெல்லாம் எண்ணெய்க் கறுப்பு, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ரேவதி அதே கம்பெனியில் பேக்கிங். ஊத்துக்கோட்டையைத் தாண்டி, ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். நெடுநெடுவென்று உயரம், தண்ணீர் என்றால் பயம். இரண்டு பேருக்கும் விடுதியில் ஒரே அறை. ரேவதி கவிதை கேட்க வரமாட்டாள், கௌரிக்குத் துணையாக வருவாள். வந்ததும் நூலகத்துக்கு வரும், நான் இப்போது எழுதுகிற இதே வார இதழை எடுத்துக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்பக்கமாகப் புரட்டிப் படிப்பாள். ஏன் இப்படி என்று கேட்டால், “முடிவு தெரிஞ்சிடுச்சின்னா பயம் இருக்காது டீச்சர்” என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய அகப்பாடல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். தலைவன், தலைவி, தோழி. கௌரி கையைத் தூக்கினாள்.

“டீச்சர், ஒரு டவுட்டு.”

“சொல்லு.”

“இந்தத் தோழி இருக்கறாளே, தலைவி அழுதா இவ தொடைக்கிறா. அவன் வந்தா இவ காவல் நிக்கிறா. அம்மாக்காரி கேட்டா இவதான் பொய் சொல்றா. அவங்க ரெண்டு பேரும் கல்யாணம் கட்டிக்கினு போயிட்டா, இவ எங்க போவா?”

“அவளும் அவள் வீட்டுக்குப் போவாள்.”

“அய்ய, அவ ஊட்ல யாரு இருக்கறா? இவ்ளோ நாளு அந்தப் பொண்ணு பக்கத்துலயே இருந்திருக்கறா, அவ தலமுடி வாசன மொதக்கொண்டு இவளுக்குத் தெரியும். இவ மனசுல இன்னா இருக்குன்னு ஒருத்தரும் கேக்கலியா? இவளுக்குன்னு ஒரு பாட்டு கூடமா இல்ல?”

ரேவதி இதழிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: “தோழிக்கு ஓவர்டைம்மே. பாட்டு எழுத ஏது டைமு.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு, தோழியின் கடமை என்ன, கூற்று என்றால் என்ன என்று படித்ததை ஒப்பித்தேன். கௌரி அதைக் குறித்துக்கொள்ளவில்லை. நான் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும், இதழைப் புரட்டும் ரேவதியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

தூணில் இரண்டு பெண்கள்

பார்த்தும் கடந்துபோகும் இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன்.

என் ஊர் திருவாலங்காடு பக்கம். நெல் விளைவிக்கிற குடும்பம். ஒன்பதாம் வகுப்பில் எங்களை ஒரு பழைய கோயிலுக்குச் சுற்றுலா அழைத்துப்போனார்கள். ஒரு தூணில் கீழ்ப்பக்கமாக இரண்டு பெண்கள் செதுக்கப்பட்டிருந்தார்கள். ஒருத்தி மற்றவளின் முகவாயைத் தொட்டு உயர்த்தியிருந்தாள். உயர்த்தப்பட்ட முகத்தில் கண்கள் பாதி மூடியிருந்தன. நாங்கள் கூட்டமாக நின்றுவிட்டோம்.

“அக்கா, தங்கச்சி. நடங்க” என்றார் வரலாற்று வாத்தியார்.

“அக்கா ஏன் சார் தங்கச்சிய அப்டிப் பாக்குது?” என்று என் வகுப்புத் தோழி ஒருத்தி கேட்டாள்.

“கண்ணுல தூசி வுழுந்திருக்கும். ஊதி எடுக்குது. நட நட, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

பஸ் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தோம். யாருக்காவது கண்ணில் தூசி விழுந்தால், ஊதட்டுமா என்று கேட்பது அந்த வருடம் முழுக்க ஒரு விளையாட்டாக இருந்தது. ஆனால் அந்தக் கல் முகம் எனக்கு நினைவில் தங்கிவிட்டது. தூசிக்கு முகம் சுளிக்கும். அந்த முகம் சுளிக்கவில்லை.

பிறகு எம்.ஏ. தமிழ் படித்தேன். அங்கேயும் எனக்குக் கிடைத்தவை இதே வகை உரைகள்தான். ஒரு ஆண் ஒரு பெண்ணின் கழுத்தைப் பாடினால் அது கழுத்து. யாரும் அதற்கு மேல் கேட்கமாட்டார்கள். ஒரு பெண் இன்னொரு பெண்ணின் கழுத்தைப் பாடினால் அது ஆன்மா, நட்பு, தாய்மை, தாய்மொழி, ஏதாவது ஒன்று. கழுத்தாக மட்டும் இருந்துவிடக் கூடாது. நான் அந்த விடைகளையெல்லாம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். வகுப்பிலும் அதையே நடத்தினேன். பிள்ளைகளும் எழுதி மதிப்பெண் வாங்கினார்கள்.

சிவப்பு அட்டை

பாப்பா பிறந்து நான் வீட்டில் இருந்தபோது கௌரி ஒருநாள் என்னைப் பார்க்க வந்தாள். குழந்தைக்கு ஒரு மஞ்சள் சட்டை, எனக்கு ஒரு கட்டு சிவப்பு அட்டை.

சோதனையில் தேறாத பாகங்களுக்குக் கட்டிவிடும் அட்டைகள் அவை. நூல் கோக்க ஒரு மூலையில் ஓட்டை இருக்கும். அச்சுத் தவறிப்போன அட்டைகளைக் குப்பையில் போடுவார்களாம். அதன் பின்பக்கத்தில் கௌரி கவிதை எழுதியிருந்தாள்.

நான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தள்ளிவிடப்பட்ட பொருளுக்கான அட்டையில் கவிதை. உடனே எனக்கு ஏதோ சொல்லத் தோன்றியது.

“டீச்சர், அதுல அர்த்தம் தேடாதீங்கோ” என்றாள் கௌரி. “கையில கெடச்ச பேப்பரு அதான். தப்பு இருந்தா மட்டும் திருத்திக் குடுங்க.”

பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டே படித்தேன். நாலைந்து சுமார். இரண்டு நன்றாக இருந்தன. ஒன்று என்னை நிறுத்திவிட்டது. ஒன்பது வரி. நண்டு கட்டுவதைப் பற்றியது.

ஏரியில் பிடிக்கும் பெரிய நண்டுகளை உயிரோடு விற்பார்கள். கூடையில் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளாமல் இருக்கக் கொடுக்குகளை மடக்கிக் கயிற்றால் கட்டவேண்டும். கட்டுகிறவர் கயிற்றை இழுக்கும்போது இன்னொருவர் முடிச்சின் மேல் விரல் வைத்துக் கொடுத்தால் இறுக்கமாக விழும். இதெல்லாம் கௌரி அன்று சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“இதில் வருகிற ‘நீ’ யாரு?” என்று கேட்டேன்.

“ரேவதிதான் டீச்சர்.”

தயங்கவே இல்லை. டீ தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

“போன பொங்கலுக்கு எங்க ஊட்டுக்குக் கூட்டினு போயிருந்தேன். நண்டப் பாத்து அலறிக்கினு ஓடுறா. அப்பறம் அவளே வந்து வெரல வெச்சா. அன்னிக்கித்தான் எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சிது. அவளுக்கும்.” டீயை ஒரு வாய் குடித்தாள். “உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்.”

அவள் ஒரு பதிலுக்காகக் காத்திருந்தாள். நான் பேனாவை எடுத்து, மூன்றாவது வரியில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்ததைச் சேர்த்தேன். “மற்றபடி நல்லா வந்திருக்கு” என்றேன்.

கௌரி தலையை ஆட்டினாள். பாப்பாவின் உள்ளங்காலில் முத்தம் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். அட்டைக் கட்டு என்னிடமே இருந்தது.

அவளைக் கட்டிக்கொண்டிருக்கலாம். ஒன்றும் இல்லாவிட்டால், சொன்னதற்கு நன்றி என்றாவது சொல்லியிருக்கலாம்.

நான்காம் நாள் காலை

மழை தொடங்கிய மாதத்தில் கௌரிக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. முதல் நாள் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். இரண்டாம் நாள் ரேவதி அவளை ஆட்டோவில் தூக்கிப்போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். மூன்றாம் நாள் நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்ததால் அரை மணி நேரம்தான் இருக்க முடிந்தது.

ரேவதி வார்டுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். ஈரத் துணியைப் பிழிந்து பிழிந்து விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. கம்பெனிச் சீருடையை மாற்றவே இல்லை. நர்ஸ் ஒருவர் வந்து, “பேஷண்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?” என்று கேட்டார்.

ரேவதி வாயைத் திறந்தாள். மூடினாள். “ரூம்மேட்டு” என்றாள்.

“அம்மா, அப்பா யாராச்சும் வரச்சொல்லுங்க.”

நான்காம் நாள் காலை, அம்மா பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் கௌரி போய்விட்டாள். யார் மேலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுவே சில சமயம் தாங்கமுடியாமல் இருக்கிறது.

பதினாறாம் நாள் நான் பேசவேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். வேனிலிருந்து இறங்கும்போது ரேவதி என் அருகில் வந்தாள். அந்த இரண்டு வாரத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“டீச்சர், அந்த நண்டுக் கவிதையப் படிக்கிறீங்களா?”

“இங்கேயா?”

“எல்லாரு முன்னாடியும். அர்த்தம்லாம் சொல்ல வேணாம். சும்மா படிச்சா போதும். நான் அவ பக்கத்துல நின்னு அழக்கூட முடியல டீச்சர். அவங்க ஊர்ப் பொம்பளைங்க அழறப்ப நான் தள்ளி நிக்கிறேன். அதுல மட்டும்தான் நான் இருக்கிறேன்.”

சரி என்றேன். சொல்லும்போது மனமாரத்தான் சொன்னேன்.

பந்தலுக்குள் நுழையும்போது கௌரியின் அண்ணன் என்னை ஒதுக்கமாக அழைத்தார். நல்ல மனிதர், கண் வீங்கியிருந்தது.

“டீச்சர், நீங்க படிச்சவங்கோ. கம்பெனிக்குப் போற பொண்ணுங்களப் பத்தி ஊர்ல ஏற்கெனவே ஒரு மாதிரி பேசிக்கினு இருக்கறாங்கோ. எங்கம்மா இங்கதான் காலம் தள்ளணும். நல்லதா நாலு வார்த்த சொல்லிட்டு எறங்கிடுங்க.”

என் கணவர் பாப்பாவை வாங்கிக்கொள்ளும்போது, “பார்த்துப் பேசு, ஜூன்ல திரும்ப ஸ்கூலுக்குப் போகணும்” என்றார். அவர் எப்போதும் சொல்வதுதான். ரோட்டைக் கடக்கும்போதுகூடச் சொல்வார்.

யாரும் என் வாயைப் பொத்தவில்லை. அட்டை கையில் இருந்தது. கடைசி வரிசையில் ரேவதி இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவள்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

ஏழாவது வரி வரைக்கும் வாசித்தேன். எட்டாவது வரியைக் கண் பார்த்தது. அதையும் வாசித்தால், இதில் ஏதோ மறைக்கவேண்டியது இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். நிறுத்தினேன். பந்தல் அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது. உடனே விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

கௌரியின் பெயர் கெடக்கூடாது என்று செய்தேனா, நாளைக்கு என் வகுப்பில் பெண்ணைச் சேர்க்கும் தாய்மார்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று செய்தேனா? இரவெல்லாம் பால் கொடுக்க விழித்திருக்கும்போது இதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் முதல் காரணத்தில் தொடங்கி இரண்டாவதில் போய் நின்றேன்.

மடக்க முடியாத விரல்கள்

அடுத்த ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. பாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ கூப்பிடும் சத்தம். கௌரியின் அம்மா நின்றிருந்தார். தலையில் சும்மாடு, கையில் மூடி போட்ட வாளி.

“மடவ மீனு. பாப்பாக்கு முள்ளு எடுத்துக் குடு. ரத்தம் ஊறும்.”

உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. பாப்பாவைத் துண்டோடு வாங்கி மடியில் வைத்துத் துவட்டினார். இடது கையால் துவட்டினார். வலது கையால் குழந்தையை அணைத்துப் பிடித்திருந்தார். அந்தக் கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நீட்டியபடியே நின்றன. மடங்கவில்லை.

நான் பார்ப்பதைப் பார்த்தார்.

“திருக்க மீனு முள்ளு. கல்யாணம் ஆன புதுசுல குத்துச்சி. நரம்பு போயிடுச்சி.” பாப்பாவின் காதுமடலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “இந்தக் கையால நண்டு கட்ட முடியுமா கண்ணு?”

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

“எங்க ஊட்ல ஒருநாளும் நான் நண்டு கட்டனது இல்ல. நான் மீன் விக்கிறவ. கௌரிக்கு அவங்க அண்ணன்தான் கட்டச் சொல்லிக்குடுத்தான். அன்னிக்கிப் பந்தல்ல குந்திக்கினு இருந்த அத்தினி பேருக்கும் அது தெரியும்.”

அந்தக் குனிந்த தலைகள். அந்த இருமல். மணலைப் பார்த்த அந்தப் பெண். யாரும் உருகவில்லை. படித்த டீச்சர் மைக்கில் பொய் சொல்வதைப் பார்க்கக் கூசித்தான் தலையைக் குனிந்திருக்கிறார்கள். நான் நெல் வயலிலிருந்து வந்தவள். மீனவக் குப்பத்துத் தாய் என்றால் மகளுக்கு நண்டு கட்டச் சொல்லிக்கொடுத்திருப்பாள் என்று, ஒரு பாடநூல் படத்தைப்போல நினைத்துக்கொண்டுவிட்டேன். என் விளக்கம் ஒருவரையும் ஏமாற்றவில்லை. எதையும் மறைக்கவும் இல்லை. அது செய்த ஒரே வேலை ரேவதியை எழுப்பி வெளியே அனுப்பியதுதான்.

“மன்னிச்சிடுங்கம்மா” என்றேன்.

“எனக்காவத்தான் சொன்ன. தெரியுது. அப்ப நானும்தானே வாயத் தொறக்கல?” பாப்பாவின் தலையில் கையை வைத்துக்கொண்டார். “பொங்கலுக்கு ரெண்டும் வந்தப்ப நான் கொல்லப்பக்கம் மீன் அறிஞ்சிக்கினு இருந்தேன். இதுங்க நண்டு கட்டிக்கினு இருந்துச்சிங்க. கட்டி முடிச்சும் கைய எடுக்கல. பாத்தேன். பாத்துட்டு, மீனப் பாத்தேன்.”

நூலக மாடியில் நான் பாடத்தைத் தொடர்ந்ததுபோல.

“எனக்கு இதெல்லாம் இன்னான்னு புரியாது கண்ணு. கல்யாணம் பண்ணிக்கோ, பண்ணிக்கோன்னு நாலு வருசம் அவள பேஜாரு பண்ணிக்கினு இருந்தேன். அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவம்கூட இருந்துச்சி, பொய் சொல்ல மாட்டேன். ஆனா என் பொண்ணு நெருப்பாக் கொதிக்கறப்ப துணி புழிஞ்சிப் போட்டது அதுதான். நான் வர்ற வரைக்கும் ஒத்தையாளா நின்னுச்சி. அத்த கருமாதிச் சோறு துன்னாம அனுப்பிட்டோமே, நீயும் நானும்.”

பாப்பா அந்த மடங்காத விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். அவர் எடுக்கவில்லை.

“அது எங்க இருக்குதுன்னு பாத்து சொல்லு. அந்த அட்டைங்க அதுக்குத்தான் சேரணும்.”

கடைசிப் பக்கம்

தேடினேன். படத்திறப்பு முடிந்த வாரமே ரேவதி வேலையை விட்டுவிட்டாள் என்று விடுதியில் சொன்னார்கள். அவள் எண்ணை அழைத்தால், உபயோகத்தில் இல்லை என்று வந்தது. பாப்பாவையும் தூக்கிக்கொண்டு ஊத்துக்கோட்டை போய், அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி, அவள் ஊருக்கும் போனேன். அவள் அப்பா வீட்டு முன்னால் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“எப்பயாச்சும் போன் பண்ணுவாம்மா. ‘நைனா, சாப்டியா’ன்னு கேப்பா. எங்க இருக்கறன்னா வெச்சிடுவா. ஒவ்வொரு வாட்டியும் வேற வேற நம்பரு.”

அடுத்த முறை அழைத்தால் கௌரியின் அம்மா பார்க்க ஆசைப்படுகிறார் என்று சொல்லச் சொன்னேன். ஒரு மாதம் கழித்து அவர் எனக்குப் போன் செய்தார். “சொன்னேம்மா. அந்த ஊரு பேர எடுத்ததுமே கட் பண்ணிட்டா.”

ஆகவே, இதே வார இதழில் எழுதுகிறேன். அவள் எந்த ஊரில் இருந்தாலும் ஏதோ ஒரு டீக்கடையிலோ விடுதியிலோ இதைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டிருப்பாள் என்று நம்புகிறேன். அதற்காகவே இந்தப் பகுதியைக் கடைசிப் பக்கத்தில் முடியுமாறு போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கௌரி, ரேவதி என்பவை அவர்களின் உண்மைப் பெயர்கள் அல்ல. கம்பெனியின் பெயரையும் குப்பத்தின் பெயரையும் நான் சொல்லவில்லை. கௌரியின் அம்மாவிடம் முழுவதையும் படித்துக் காட்டி அனுமதி கேட்டேன். அண்ணனிடம் கேட்கவில்லை. ரேவதியிடம் கேட்க வழியில்லை. அவளைக் கேட்காமல் எழுதுவது நான் அவளுக்குச் செய்யும் இரண்டாவது தவறாகவும் இருக்கலாம். ஜூனில் பள்ளிக்குத் திரும்பினேன். இது அச்சான பிறகு அங்கே என்ன கேட்பார்கள் என்றும் தெரியவில்லை.

அன்று அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதை இப்போது செய்கிறேன்.

நண்டின் கொடுக்கைக் கட்டும்போது
உன் விரல் என் விரல்மேல் இருந்தது.
முடிச்சு விழுந்த பிறகும்
நீ விரலை எடுக்கவில்லை.
கூடைக்குள் நண்டு நகர்கிறது.
உப்புப் பூத்த உன் கழுத்தைப்
பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.
நண்டே, யாரிடமும் சொல்லாதே.
உன் கொடுக்கைத்தான் கட்டினோம், வாயை அல்ல.

அடுத்த மாதம் கௌரிக்கு முதல் வருடப் படையல். அவளுக்குப் பிடித்தது நண்டு, அதைத்தான் படைக்கப்போகிறார்கள். நான் இதை எழுதுகிறேன் என்று தெரிந்ததும் அவள் அம்மா போன் செய்தார்.

“படையலுக்கு வரச் சொல்லி எழுது கண்ணு. எலை போட்டு வெச்சிருப்பேன்னு எழுது.”

“எழுதறேம்மா.”

“வேணாம், இரு. அப்டிக் கூப்ட்டா வராது.” பின்னால் படகு எஞ்சின் சத்தம் கேட்டது. “எங்க ஊட்ல நண்டு கட்ட ஆளு இல்லன்னு எழுது.”

“அண்ணன் இருக்கிறாரே?”

“இருக்கறான். நீ ஆளு இல்லன்னு எழுது.”